ஆற்றல் வந்த வழி: கண்ணகி வரலாறும் கேட்போர் கருதுகோள்களும்

கதையில் வரும் ஒருவர்க்கு மக்கட் பிறப்பின் எல்லையைக் கடந்த ஆற்றல் வாய்க்கும்போது, அஃது எங்கிருந்து வந்தது என்னும் வினா கேட்போர் உள்ளத்தில் தானே எழுகின்றது. கதை சொன்னவர் விடை கூறியிருப்பின் வினா அவ்வளவில் அடங்கிவிடும். கூறாது விட்டிருப்பின், அல்லது ஒன்றோடொன்று ஒட்டாத விடைகளைப் பல வாய்களில் வைத்திருப்பின், கேட்போர் தாமே விடை காணத் தலைப்படுவர். அவ்விடைகளை ஈண்டுக் கேட்போர் கருதுகோள் என்று குறிப்போம். புலவர் உலகம் இவற்றைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை; நூலில் இல்லாததை நூலின்மேல் ஏற்றுவது என்று ஒதுக்கிவிடுகின்றது. ஒதுக்கத் தக்கன பல உண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் கண்ணகியின் ஆற்றலைப் பற்றி நாம் வகுப்பறையில் ஐயமின்றிச் சொல்லிவரும் விளக்கமும் இத்தகைய கருதுகோள்களுள் ஒன்றே என்பதை நாம் நினைப்பதில்லை. அவ்விளக்கம் நூலோடு எத்துணைப் பொருந்துகின்றது என்பதும், அதனை ஏற்பதால் வேறு எவற்றையெல்லாம் ஏற்க நேர்கின்றது என்பதும் ஆராயற்பாலன.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியது ஒரு தொலைக்காட்சித் தொடர் என்றால் சிலர் முகம் சுளிக்கக்கூடும். 2006ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அமெரிக்காவில் தொடங்கி 2010இல் முடிவுற்ற ‘ஹீரோஸ்’ என்பது அத்தொடரின் பெயர். உலகின் பல மூலைகளில் வாழும் எளிய மக்களுக்கு ஒரே காலத்தில் அரிய ஆற்றல்கள் தோன்றுகின்றன. ஒருவன் காலத்தை நிறுத்துகிறான், ஒருத்திக்கு எப்புண்ணும் நொடியில் ஆறுகின்றது, ஒருவன் பறக்கிறான். அவ்வாற்றல்களின் காரணத்தைத் தேடி அலையும் அறிஞனாக அத்தொடரில் வருபவன் மொகிந்தர் சுரேஷ். அவன் நம் சென்னையில் மரபணுவியல் கற்பிக்கும் பேராசிரியனாகப் படைக்கப்பட்டவன். செந்தில் ராமமூர்த்தி என்னும் நடிகர் அப்பாத்திரத்தை ஏற்றார். மரபணுவில் நேர்ந்த மாற்றமே காரணம் என்பது அவன் தந்தை விட்டுச் சென்ற கொள்கை. தொடரைப் பார்த்தவர்கள் அதனோடு அமையவில்லை. முதற் பகுதியிலேயே ஒரு ஞாயிற்றுக் கிரகணம் காட்டப்பட்டது. அக்கிரகணமே ஆற்றலை எழுப்பியது என்று பலர் கருதினர். 2008இல் ஒளிபரப்பான மற்றொரு கிரகணப் பகுதியில் எல்லார்க்கும் ஆற்றல் மறைந்து, கிரகணம் நீங்கியபின் மீண்டது. பார்த்தவர் கருதியது பாதி உறுதியாயிற்று. மறுபாதி பற்றிய வழக்கு ஓயவில்லை.

என் முதுகலை மாணவர் சிலர் ஒரு மாலை இதனைப் பற்றி வாதிட்டதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருவர் கிரகணம் என்றார். மற்றொருவர் மறுத்தார். கிரகணம் காரணமாயின் அந்நாளில் உலகில் இருந்த எல்லார்க்கும் ஆற்றல் வந்திருத்தல் வேண்டும். சிலர்க்கு மட்டும் வந்தமைக்கு வேறு காரணம் இருத்தல் வேண்டும் என்பது அவர் வாதம். மூன்றாமவர், மரபணு தகுதியைத் தருகின்றது, கிரகணம் காலத்தைத் தருகின்றது என்று இரண்டையும் இயைத்தார். ஏட்டுச் சுவடி இல்லை, உரை இல்லை. ஆனால் அவர்கள் செய்தது உரையாசிரியர் வேலை. யார்க்கு என்பதும் எப்பொழுது என்பதும் வேறு வேறு வினாக்கள் என்பதை அவர்கள் கண்டுகொண்டனர். சிலப்பதிகார ஆராய்ச்சியில் நாம் இவ்விரண்டையும் பலகால் ஒன்றாகக் குழப்பியிருக்கின்றோம் என்று அப்பொழுது எனக்குத் தோன்றியது.

கேட்போர் இவ்வாறு இடைவெளியை நிரப்புவது எல்லாக் காலத்தும் நிகழ்வதே. நான் வாழும் செவிலிமேடு காஞ்சிபுரத்தின் தெற்கே பாலாற்றை அடுத்துள்ள ஊர். தறியோசை கேட்கும் தெருக்களுக்கு அப்பால் சாலைக் கிணறு என்று ஒரு கிணறு இருக்கின்றது. இராமாநுசர் இளமையில் தம் ஆசிரியர் யாதவப் பிரகாசரோடு காசி யாத்திரை சென்றபோது, தமக்குத் தீங்கு சூழப்படுவதை உணர்ந்து விந்தியக் காட்டில் பிரிந்து நின்றார் என்றும், வேடுவர் இருவர் கணவனும் மனைவியுமாக வந்து வழித்துணையாயினர் என்றும், இரவில் அம்மனைவி நீர் வேட்க, விடிந்தபின் அவர் நீர் முகந்து கொடுத்தது இக்கிணற்றிலிருந்தே என்றும் குருபரம்பரை வரலாறுகள் கூறும். வேடுவர் மறைந்தனர், எதிரே வரதர் கோயில் விமானம் தெரிந்தது. ஓரிரவில் விந்தியத்திலிருந்து காஞ்சி எய்தியது எவ்வாறு? வேடுவராய் வந்தவர் வரதரும் பெருந்தேவியும் என்பது விடை. நான் கருதிப் பார்க்கச் சொல்வது அவ்விடையின் மெய்ம்மையை அன்று, அதன் அமைப்பை. அரிய செயலைச் செய்யும் ஆற்றலை அது இராமாநுசர்மேல் ஏற்றவில்லை. அவர் செய்தது நீர் கொடுத்தது ஒன்றே; அதனையே நாடோறும் வரதர்க்குச் செய்யும் தொண்டாகக் கொண்டார் என்பர். ஆற்றலின் தோற்றத்தை எங்கே வைக்கின்றோம் என்பது, பின்வருவோர் எதனைப் பின்பற்றல் வேண்டும் என்பதையும் முடிவு செய்துவிடுகின்றது. அற்புதத்தைப் பின்பற்ற இயலாது. நீர் சுமப்பதைப் பின்பற்றலாம்.

இனிக் கண்ணகிக்கு வருவோம்.

மதுரையை எரித்த ஆற்றல் கண்ணகிக்கு எங்கிருந்து வந்தது என்று எந்த மாணவரைக் கேட்டாலும், கற்பினால் வந்தது என்று விடை கூறுவர். நாமே அவ்வாறு கற்பித்திருக்கின்றோம். இவ்விடை பொய் என்று யான் கூறவில்லை. ஆனால் இளங்கோவடிகள் இவ்வொரு விடையோடு நின்றாரல்லர். நூலினுள்ளே பலர் இவ்வாற்றலைப் பற்றிப் பேசுகின்றனர். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று கூறுகின்றனர். அவர்களை முறைப்படி கேட்டல் வேண்டும்.

முதலிற் பேசுபவள் வேட்டுவ வரியில் தெய்வமேறிய சாலினி. பாலை நிலத்து எயினர் நடுவே ஆவேசமுற்று, வழிநடையால் களைத்து அமர்ந்திருந்த கண்ணகியைச் சுட்டிக் கொங்கு நாட்டுக்கும் குடமலை நாட்டுக்கும் உரியவளாகவும், தமிழகத்துக்கே ஒப்பற்ற மாமணியாகவும் புகழ்கின்றாள். கதை நடுவில்கூட வரவில்லை. சேர நாடு இன்னும் நெடுந்தொலைவில் உள்ளது. அதற்குள் பின் நிகழ்வது முழுதும் சொல்லப்பட்டுவிட்டது. கண்ணகி என்ன செய்கின்றாள்? முதியவள் மயங்கிக் கூறுகின்றாள் என்று சொல்லிக் கணவன் முதுகின்புறம் நாணி ஒடுங்கி நிற்கின்றாள். தன்பால் ஆற்றல் உண்டு என்பதனை அவள் அறியாள்; சொன்னாலும் நம்பாள். தொடக்கந்தொட்டே தெய்வ ஆற்றல் உடையவளாக அவளைக் கருதுவோர் இந்நாணத்துக்கு என்ன விடை கூறுவர்?

இரண்டாவதாகக் கவுந்தியடிகளை நினைவுகூர்க. அவர் கண்ணகியைக் கற்பின் தெய்வம் என்று மாதரியிடம் போற்றுகின்றார். ஆனால் அவரே நூலில் ஆற்றல் உடைய மற்றொருவர் என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். கண்ணகியையும் கோவலனையும் இழித்துப் பேசிய இருவரைச் சாபத்தால் நரிகளாக்கியவர் அவர். அவ்வாற்றல் எங்கிருந்து வந்தது என்று யாரும் வினவுவதில்லை. தவத்தால் வந்தது என்பது வெளிப்படை. அதற்கு எல்லையும் உண்டு: கண்ணகியும் கோவலனும் வேண்ட, 12 திங்களில் சாபம் நீங்கும் என்று அவரே வரையறுக்கின்றார். தவ ஆற்றல் முன்பே ஈட்டி வைத்த பொருள் போன்றது. வேண்டும்போது எடுத்துச் செலவிடலாம். கண்ணகியின் ஆற்றல் அவ்வாறு எங்கும் ஈட்டப்பட்டதாகக் காட்டப்படவில்லை. அடிகள் இவ்விருவரையும் ஒரே வழியில் நடக்கச் செய்தது இவ்வேறுபாட்டை நாம் காணுதற்பொருட்டே போலும்.

அடுத்து வருவது துன்ப மாலை. கணவன் கள்வன் என்று கொல்லப்பட்ட செய்தி கேட்ட கண்ணகி ஞாயிற்றை நோக்கி, என் கணவன் கள்வனோ என்று வினவுகின்றாள். கள்வன் அல்லன் என்றும், இவ்வூரை எரி உண்ணும் என்றும் விடை வருகின்றது. ஊர் எரியப்போவதை முதலில் அறிவிப்பது ஞாயிறு, கண்ணகி அன்று. அவள் கேட்டது தண்டனையைப் பற்றி அன்று, உண்மையைப் பற்றி. பின்னர் வெட்டுண்ட கோவலன் எழுந்து அவள் கண்ணீரைத் துடைத்து மறைகின்றான். அப்பொழுதும் அவள் உடனே எரியை அழைக்கவில்லை. அரசனைக் கண்டு கேட்பேன் என்று அரண்மனைக்குச் செல்கின்றாள்.

இங்கு ஒரு செய்தியைக் குறிப்பிடாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. அடியார்க்கு நல்லார் உரை நமக்குக் கிடைப்பது கானல்வரி நீங்கலாக ஊர்சூழ் வரி வரையிலுமே. வழக்குரை காதைக்கும் வஞ்சின மாலைக்கும் அழற்படு காதைக்கும் கட்டுரை காதைக்கும் அவ்வுரை இல்லை. அரும்பதவுரையாசிரியர் குறிப்புகள் உளவேனும் அவை சுருங்கியன. 1892இல் உ. வே. சாமிநாதையர் நூலைப் பதிப்பித்தபோது கற்றோர்க்குக் கிட்டியதும் இந்நிலைதான். கண்ணகியின் ஆற்றல் வெளிப்படும் சரியான இடத்தில் நம் பேருரையாசிரியரின் குரல் நின்றுவிடுகின்றது. அவ்விடைவெளியை நாம் ஒரு சொல்லால் நிரப்பிவிட்டோம், அச்சொல் கற்பு.

வஞ்சின மாலையில் கண்ணகி தன் ஆற்றலுக்குத் தானே ஒரு காரணம் கூற முனைகின்றாள். பத்தினிப் பெண்டிர் எழுவர் பிறந்த பூம்புகாரில் பிறந்தவள் தான் என்கின்றாள். வன்னி மரத்தையும் மடைப்பள்ளியையும் சான்றாக வருவித்தவள், வெள்ளம் கொண்டுபோன கணவனை மீட்ட கரிகாலன் மகள், கணவன் வரும்வரை கடற்கரையில் கல்லாய் நின்றவள் என எழுவர் செயல்களும் அடுக்கப்படுகின்றன. இதனைக் கற்பே காரணம் என்பார் தம் பெருஞ்சான்றாகக் காட்டுவர். ஆயின் அவ்வெழுவருள் ஒருத்தியும் ஊரை எரித்தவள் அல்லள் என்பதை நோக்குக. அவர்கள் செயல்கள் தம் கணவரையும் தம் மக்களையும் தம் நிறையையும் காத்தன. ஓர் அரசையும் ஒரு நகரையும் தொட்டவை அல்ல. கண்ணகி தன் மரபைக் கூறுகின்றாள். அம்மரபில் இல்லாத ஒன்றைச் செய்யப்போகின்றாள்.

கற்பு ஒன்றே காரணம் என்னும் கருதுகோளுக்கு வலிய தடை இதனினும் எளிது. கோவலன் மாதவியிடம் இருந்த ஆண்டுகளிலும் கண்ணகியின் கற்பு குறைவற்றே இருந்தது. சோமகுண்டம், சூரியகுண்டம் ஆகிய துறைகளில் நீராடிக் காமன் கோட்டம் தொழுதால் கணவனை அடையலாம் என்று தேவந்தி கூறியபோது, அது பெருமை அன்று என்று மறுத்தவள் அவள். அந்நாளில் அவளுக்கு எந்த ஆற்றலும் இல்லை. வீட்டில் விளக்கு எரிந்தது, ஊர் எரியவில்லை. கற்பு முன்னும் பின்னும் ஒன்றாகவே இருக்க, ஆற்றல் மட்டும் ஒரு நாளில் தோன்றியது எனின், தோற்றத்துக்கு அந்நாளிற் புதிதாக நிகழ்ந்த ஒன்றே காரணமாதல் வேண்டும். கிரகணத்தை மறுத்த என் மாணவரின் வாதத்தைத் திருப்பிப் போட்டது போன்றது இது.

நெருப்புக் கடவுளின் சொல் இதனை உறுதி செய்கின்றது. கண்ணகி நகரை மும்முறை வலம் வந்து இடமுலையைத் திருகி எறிந்தபின், அந்தணன் வடிவில் தோன்றிய அக்கடவுள், அவளுக்குப் பெரும்பிழை இழைக்கப்படும் நாளில் இந்நகரை உண்ணுமாறு பண்டே தனக்கு ஓர் ஆணை உண்டு என்று கூறுகின்றான். எரிக்கும் ஆற்றல் அவனுடையது. ஆணை முன்னரே இருந்தது. அது செயற்படுதற்கு வைத்த நிபந்தனை ஒரு பிழை. அவள் பத்தினி என்பது யார்க்கு இழைத்த பிழை என்பதைச் சொல்கின்றது. எப்பொழுது என்பதைச் சொல்வது பிழையே. பின்னர் அவன் கண்ணகியை ஒன்றே ஒன்று கேட்கின்றான்: இவ்வூரில் யார் யார் பிழைத்தற்குரியர்?

இவ்வினாவைக் கடந்து விரைந்து செல்வது நம் வழக்கம். எரியும் நகரின் காட்சி நம்மை ஈர்த்துவிடுகின்றது. ஆயினும் கண்ணகிக்குத் தரப்பட்ட ஆற்றல் யாது என்பதற்கு நூல் தரும் நேரடி விடை இவ்வினாவில்தான் உள்ளது என்பது என் துணிபு. எரிப்பவன் வேறு. கண்ணகி செய்வது பிரித்தறிவது. அந்தணரையும் அறவோரையும் பசுக்களையும் பத்தினிப் பெண்டிரையும் மூத்தோரையும் குழவிகளையும் விட்டுத் தீயோர் பக்கம் சேர்க என்று அவள் கூறுகின்றாள். அப்பட்டியலில் இன்று நாம் ஏற்பனவும் இருக்கும், ஏற்காதனவும் இருக்கும். அது வேறு செய்தி. கையில் நெருப்பு இருக்கும் நிலையிலும் அவள் குற்றமுடையாரையும் குற்றமில்லாரையும் வேறு பிரித்தாள் என்பதே ஈண்டு வேண்டுவது.

இதனை வழக்குரை காதையோடு வைத்துப் படித்தல் வேண்டும். கண்ணகி பாண்டியனை விளிக்கும்போதே, ஆராய்ந்து தெளியாத மன்னன் என்றுதான் விளிக்கின்றாள். அவள் சாட்டும் குற்றம் கொலை மட்டும் அன்று, ஆராயாமை. பொற்கொல்லன் சொல்லை ஆராயாது ஏற்றுக் கோவலனைக் கொல்ல ஆணையிட்டவன் அவன். சிலம்பு உடைகின்றது, மாணிக்கப் பரல் தெறிக்கின்றது, குற்றம் தன்னுடையதே, தான் அரசன் என்னும் பெயர்க்கு உரியனல்லன் என்று அவனே ஒப்பி வீழ்ந்து இறக்கின்றான். அக்கணத்தில் பாண்டி நாட்டில் ஆராய்ந்து ஒறுக்கும் பொறுப்புக்கு உரியவர் எவரும் இல்லை. அரியணை வெறிதாயிற்று. அவ்வெற்றிடத்தில் அப்பொறுப்பு கண்ணகியின் கைக்கு வருகின்றது. அவளுக்கு வந்தது மந்திர ஆற்றல் அன்று. மன்னன் இழந்த முறைசெய்யும் ஆற்றல். அதனால்தான் அது வழக்குக்குமுன் வரவில்லை, வென்றபின் வந்தது. மன்னன் செய்யத் தவறிய ஆராய்ச்சியைச் செய்வதே அவ்வாற்றலின் முதற் செயலாக அமைந்தது.

மதுராபதித் தெய்வம் கூறும் விளக்கம் ஒன்று எஞ்சி நிற்கின்றது. முற்பிறப்பில் கோவலன் சிங்கபுரத்தில் பரதன் என்பானாய் இருந்து சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான். அவன் மனைவி நீலி 14 நாள் துயருற்றுச் சபித்து மலையேறி வீழ்ந்தாள். அவ்வினை இப்பொழுது வந்தது. ஆடித் திங்களில் இன்ன நாளில் மதுரை எரியும் என்று பழமொழி ஒன்றும் உண்டு. இவ்விளக்கம் கோவலன் இறந்தமைக்குக் காரணம் கூறுகின்றது. கண்ணகியின் ஆற்றலுக்குக் கூறவில்லை. நீலியும் கணவனை அநீதியாக இழந்தவள்தான். அவளுக்கு ஊரை எரிக்கும் ஆற்றல் வரவில்லையே! அவள் வழக்குரைக்க அவைக்குச் சென்றதாகவும் இல்லை. ஒப்புமை வேண்டுவோர் இவ்வேற்றுமையையும் எண்ணுக.

இவ்வூழ் விளக்கத்தை முதலிற் கேட்டவர் யார் என்பது சுவையான செய்தி. மதுரை வெள்ளியம்பலத்தில் நள்ளிரவிற் கிடந்தபோது, தெய்வம் கண்ணகிக்குக் கூறியதைத் தாம் கேட்டதாகச் சாத்தனார் கூறினார் என்பது பதிகம். அச்சாத்தனார் பெயரால் வழங்கும் மணிமேகலையில் கண்ணகியின் ஆற்றல் மீண்டும் ஆராயப்படுகின்றது. கேட்டவர் ஒருவர் தாம் கேட்ட கதையைத் தம் கொள்கைக்கு ஏற்பத் திருத்தியமைத்ததற்கு இதனினும் பழைய சான்று தமிழில் எனக்குத் தெரியவில்லை.

மணிமேகலைக் காப்பியத்தில் ஆற்றல்கள் யாவும் கணக்கோடு வருகின்றன. வேற்றுருக் கொள்ளவும் வானிற் செல்லவும் பசியைப் போக்கவும் மூன்று மந்திரங்களை மணிமேகலா தெய்வம் அறிவுறுத்துகின்றது. அமுதசுரபி சிந்தாதேவி ஆபுத்திரனுக்குக் கொடுத்தது. அவன் கோமுகிப் பொய்கையில் விட்டது. ஆண்டுக்கு ஒருநாள் தோன்றுவது. ஆதிரை இட்ட பிச்சையால் நிறைவது. ஆற்றலை இழக்கும் வழிக்கும் கணக்கு உண்டு. விருச்சிக முனிவனின் நாவற்கனியை மிதித்த காயசண்டிகை வானிற் செல்லும் மந்திரத்தை மறந்து 12 ஆண்டு பசித்தீயில் வருந்தினாள். மருதி என்பவளுக்குச் சதுக்கப் பூதம் கூறுவது இன்னும் கண்டிப்பானது: விழாவும் கதையும் விரும்பிப் பிற தெய்வம் பேணியதனால் மழையை ஏவும் ஆற்றலும் தீயோர் நெஞ்சைச் சுடும் ஆற்றலும் உனக்கு இல்லையாயின என்கின்றது. கணவனையன்றித் தெய்வம் தொழாமையே ஆற்றலின் ஊற்று என்று நாம் கண்ணகிக்குக் கூறும் விதி, உண்மையில் சிலப்பதிகாரத்தில் அன்று, மணிமேகலையின் இவ்விடத்தில்தான் விதியாகவே வகுக்கப்பட்டிருக்கின்றது. அதனை எடுத்துக்கொண்டுபோய்த் தேவந்திக்குக் கண்ணகி கூறிய மறுமொழியின்மேல் வைத்துவிட்டோம்.

வஞ்சியில் கண்ணகியின் படிமத்தின்முன் நின்று மணிமேகலை கேட்கும் கேள்வி வேறு எந்தப் புலவரும் கேட்கத் துணியாதது: கணவன் இறந்தபின் உயிர் விடாது ஏன் நகரை எரித்தாய்? படிமம் விடை கூறுகின்றது. சினம் தாங்காது எரித்தேன். பின் மதுராபதி பழவினை கூறக் கேட்டேன். எரித்த வினை என்னை விடாது, விண்ணுலகப் பயன் நுகர்ந்தபின் மீண்டும் பிறந்து அதனை நுகர்வேன் என்கின்றது. ஆற்றல் இங்கே குற்றமாகிவிட்டது. பௌத்தச் சான்றோர்க்கு இது தகும். ஆனால் பிரித்தறிந்து தண்டித்த கண்ணகி இவ்விடையில் இல்லை. சினந்தவள் மட்டுமே இருக்கின்றாள். அதே காப்பியம் தன் தலைவியைக் கச்சிமாநகர்க்கு அழைத்து வருகின்றது. இளங்கிள்ளி ஆளும் ஊரில் வற்கடம். அமுதசுரபியை வைத்து எல்லா உயிரையும் அவள் உண்ண அழைக்கின்றாள். அங்கே யார் தகுதியுடையார் என்னும் ஆராய்ச்சியே இல்லை. நகரை எரித்தவள் பிரித்தறிந்தாள்; நகர்க்கு உணவிட்டவள் பிரிக்கவில்லை. இரண்டும் இருவேறு ஆற்றல்கள். ஒன்றைக்கொண்டு மற்றொன்றைத் திருத்த வேண்டியதில்லை என்று மட்டும் கூறி அமைகின்றேன்.

நாட்டுப்புறக் கருதுகோள்களுக்கு இத்துணை நயம் இல்லை, வேகம் உண்டு. கோவலன் கதைப் பாடல்களில் காளியே பாண்டியனைப் பழிவாங்கக் கண்ணகியாய்ப் பிறக்கின்றாள். ஆற்றல் எங்கிருந்து என்னும் வினாவே அங்கு எழுவதில்லை. சாலினி கூறியபோது நாணிய பெண்ணும் அங்கு இல்லை. ஈழத்துக் கிழக்குக் கரையில் வைகாசித் திங்களில் கண்ணகி அம்மன் கோயில்களில் பாடப்பெறும் கண்ணகி வழக்குரை இன்னொரு வழி செல்கின்றது. பாண்டியனுக்கு மூன்றாம் கண் ஒன்று இருந்தது. மாங்கனியாய்த் தோன்றி அக்கண்ணை அவித்தவளே பின் குழவியாகிப் பேழையில் விடப்பட்டு வணிகர் வீட்டில் வளர்ந்தாள் என்பது அவ்வழக்கு. இலங்கைக் கயவாகு மன்னன் பத்தினிக்குக் கோட்டம் எடுத்த செய்தியைச் சிலப்பதிகாரமே கூறுதலின் அங்கு இக்கதை வேரூன்றியதில் வியப்பில்லை. வெறும் கற்பனை என்று தள்ளுமுன் சற்று எண்ணுக. மூன்றாம் கண் இழந்த மன்னன் என்றால் காணவேண்டியதைக் காணும் திறன் இழந்தவன் அல்லனோ? ஆராயாமையே பாண்டியன் குற்றம் என்பதை மட்டக்களப்புப் பாடகர் கதையின் தொடக்கத்துக்கே கொண்டுபோய்விட்டனர். காளி வழக்கினும் இது நூலின் உள்ளத்துக்கு அணுக்கமானது. கற்றோர் கருதுகோள் சில இத்துணை அணுக்கம் உடையன அல்ல.

நற்றிணை 216ஆம் பாட்டில் வேங்கை மரத்தடியில் நின்ற, ஒரு முலை அறுத்த திருமாவுண்ணி என்பவள் குறிக்கப்படுகின்றாள். அவளைக் கண்ணகி என்பாரும் அல்லள் என்பாரும் உளர். எவ்வாறாயினும் அப்பாட்டில் ஊர் எரியவில்லை, அரசவை இல்லை, வழக்கு இல்லை. துயரம் மட்டுமே உண்டு. எரியும் வழக்கும் காப்பியத்தில் ஒன்றாக வந்தன என்பது என் கருதுகோளுக்கு ஒரு சிறு துணை; அதற்குமேல் அதன்மீது பாரம் ஏற்ற விரும்பவில்லை.

இவ்வாராய்ச்சி எதற்கு எனின், கண்ணகியின் ஆற்றலை எவ்வாறு விளங்கிக்கொண்டனர் என்பதைப் பொறுத்து மக்கள் உயிர்கள் போயின என்று சிலப்பதிகாரமே கூறுகின்றது. உரைபெறு கட்டுரையிலும் நீர்ப்படைக் காதையிலும் வரும் செய்தி அது. பாண்டியனுக்குப்பின் கொற்கையிலிருந்து வந்து ஆண்ட வெற்றிவேற் செழியன், பத்தினித் தெய்வத்துக்கு ஒரு பகலில் பொற்கொல்லர் 1000 பேரைப் பலியிட்டான். அதன்பின் மழை பெய்தது, நாடு செழித்தது என்றும் கூறப்படுகின்றது. நாம் இவ்வடிகளைப் பெரும்பாலும் ஓசையின்றிக் கடந்துவிடுகின்றோம். கண்ணகியின் ஆற்றல் குருதி வேட்கும் தெய்வத்தின் ஆற்றல் எனின், செழியன் செய்தது வழிபாடு. கணவனைத் தொழுததால் வந்த ஆற்றல் எனின், அப்பலிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. நாம் வாளா இருக்கலாம். ஆராய்ந்து முறைசெய்யும் ஆற்றல் எனின், செழியன் தனக்கு முன் ஆண்ட பாண்டியனின் குற்றத்தையே 1000 மடங்கு பெருக்கிச் செய்தவன் ஆகின்றான். ஒருவன் களவுக்கு ஒரு தொழில் செய்வார் அனைவரையும் கொல்வதைவிட ஆராயாமை வேறு யாது? அடிகள் அதனைக் கண்டித்து ஒரு சொல்லும் கூறவில்லை என்பது உண்மை. ஆனால் குற்றமுடையாரை மட்டும் சுடுக என்று கண்ணகி கூறியதை அவர் முன்னரே எழுதி வைத்திருக்கின்றார்.

சென்ற ஆண்டு ஒருநாள் எங்கள் தெருவில் பாவு பிணைக்கும் மூதாட்டி ஒருவர் வீட்டுத் திண்ணையில் இக்கதையைச் சொல்ல நேர்ந்தது. பட்டும் சரிகையுமே வாழ்வாக எழுபது ஆண்டு கழித்தவர் அவர், எழுத்தறியார். கண்ணகிக்கு ஆற்றல் எப்படி வந்தது என்று நான் கேட்டேன். சிலம்பு உடைகிறவரைக்கும் அவளுக்கு எதுவும் இல்லை, உடைந்ததும் எல்லாம் வந்துவிட்டது என்றார் அவர், பாவிலிருந்து கண்ணை எடுக்காமலே. பிறகு செழியனின் பலியைச் சொன்னேன். கை நின்றது.

“தம்பி, அந்த ஆயிரம் பேரில் சிலம்பை எடுத்தவன் எத்தனை பேர்?” என்று கேட்டார்.

ஒருவன் என்றேன். அவனும் அந்த ஆயிரம் பேருள் இருந்தானா என்பதை நூல் கூறவில்லை.